எலும்பு கெட்டியானால் முட்டி வலி தீருமா?

அரக்கோணத்தில் ரேணிகுண்டா பக்கம் போகும் வண்டியில் ஏறினால், திருத்தணி தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் புத்தூர் வந்துவிடும். கையை ஒடித்துக்கொண்டவர்களும் காலை முறித்துக்கொண்டவர்களும் தலைமுறை தலைமுறையாக இறங்குகிற ஸ்டேஷன் அது. பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை என்று போடும் ‘புத்தூர் கட்டு’ தமிழ்நாடு முழுக்கப் பேர்போனது. அந்தக் கட்டின் நன்மை தீமை வேறு விவாதம். ஆனால் எலும்பு என்று பேச்செடுத்தாலே இந்த வட்டாரத்தில் எல்லோர் மனதிலும் ஊறிப்போன கணக்கு ஒன்று உண்டு. வலி வந்தால் எலும்பு பலவீனம். எலும்புக்குப் பலம் கொடுத்தால் வலி போகும். ஒடிந்த எலும்புக்கு இந்தக் கணக்கு சரி. அறுபது வயதில் படியிறங்கும்போது குத்துகிற முட்டிக்கு அது பொருந்துமா?

பொருந்தும் என்று நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. சுவால்பேட்டையிலோ பழனிப்பேட்டையிலோ முட்டி வலி என்று டாக்டரிடம் போய்விட்டு வருகிற அம்மாக்களின் மருந்துப் பையைப் பிரித்துப் பாருங்கள். கால்சியம் மாத்திரை இருக்கும். வாரம் ஒன்று என்று சாப்பிடச் சொன்ன 60,000 யூனிட் வைட்டமின் டி இருக்கும். சில பைகளில் வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட்டும் இருக்கும். கொஞ்சம் வசதிப்பட்டவர்களுக்கு வருடத்துக்கு ஒன்று என்று சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ். இவை எல்லாம் எலும்புப்புரைக்கான மருந்துகள். முட்டி வலியோடு போனவருக்கு எலும்புப்புரையும் இருந்தால் நியாயம்தான். ஆனால் முட்டிக்காகவே கொடுக்கப்பட்டால் என்ன பலன் என்பதை உலகம் இருபது வருடங்களாக, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துப் பரிசோதித்திருக்கிறது. அந்தப் பரிசோதனைகளின் கதை நம் ஊர் மருந்துக்கடை வரை இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் இரண்டு நோய்களையும் பிரித்துக்கொள்வோம். எலும்புப்புரை சத்தம் போடாத நோய். எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிக்கொண்டே போகும், வலி இருக்காது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடியும் நாளில்தான் தெரியவரும். மூட்டுத் தேய்மானம் இதற்கு நேர் எதிர். எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, காலையில் பிடிப்பு, சாயங்காலம் வீக்கம். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. குருத்தெலும்பு, அதற்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சுற்றிய சவ்வு, தசைநார், தொடைத் தசை எல்லாம் சேர்ந்து கெடுகிற நோய் அது என்பதுதான் இன்றைய புரிதல். இந்தியாவில் 1990இல் சுமார் 2.35 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய், 2019இல் 6.2 கோடிப் பேரைத் தொட்டுவிட்டதாக உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்கு சொல்கிறது. 2016இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது.

இந்த இரண்டு நோய்களும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்பதுதான் விசித்திரம். ஃபாஸ், பையர்ஸ் என்ற இருவர் 1972இல் இதை எழுதினார்கள். தொடை எலும்பின் மேல்முனை முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர் கிழவிகளிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் அரிதாகவே தென்பட்டது. தேய்மானக்காரர்களின் எலும்பு சராசரியைவிட அடர்த்தியாக இருந்தது. பிற்பாடு வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்லின. அதாவது முட்டி தேய்ந்தவரின் எலும்பு பெரும்பாலும் மெலிந்த எலும்பு இல்லை. அங்கே பலம் ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது?

கெட்டியான எலும்பு என்றால் நல்ல எலும்பு என்று நினைப்பவர்கள் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கேட்க வேண்டும். 1937இல், நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் அங்குள்ள கிராமங்களில் ஒரு நோயை விவரித்தார்கள். முதுகு மரக்கட்டையாக விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், மூட்டுகள் மடங்காமல் மனிதர்கள் முடங்கிக் கிடந்தார்கள். காரணம், கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. அவர்களின் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று, சாதாரண எலும்பைவிட அடர்த்தியாகத் தெரிந்தது. அடர்த்தி இருந்தது, அசைவு போய்விட்டது.

இந்தக் கதைக்கு அமெரிக்காவில் ஒரு பின்னிணைப்பு உண்டு. ஃப்ளோரைடு எலும்பை அடர்த்தியாக்குகிறதே, அதையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று மேயோ கிளினிக்கில் ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களை வைத்து நான்கு வருடம் பரிசோதித்தார்கள். 1990இல் முடிவு வந்தது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு கூடியிருந்தது. போதாக்குறைக்குப் பலருக்குக் காலில் வலி. ஸ்கேன் இயந்திரம் காட்டுகிற எண்ணையும் ஆள் படுகிற பாட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அறிவாளிகளான ஆராய்ச்சியாளர்கள் எலும்பு மருந்தை முட்டிக்கு ஏன் முயன்றார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. எரிக் ராடின் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1970களில் ஒரு கருத்தை முன்வைத்தார். நடக்கும்போது முட்டியில் விழுகிற அடியைத் தாங்கி விழுங்குவது குருத்தெலும்பு மட்டும் இல்லை, அதற்கு அடியிலுள்ள எலும்பும்தான். அரக்கோணத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி கொட்டி வைப்பது வண்டியின் அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான். ஜல்லி இறுகிப் பாறையாகிவிட்டால் அடி முழுவதும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் போகும். அடியிலுள்ள எலும்பு விறைத்துப்போனால் மேலிருக்கும் குருத்தெலும்பு அடிபட்டே சாகும் என்றார் ராடின்.

பிற்பாடு இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. தேய்ந்த மூட்டின் அடியெலும்பு பருமனில் கூடியிருந்தாலும் தரத்தில் மட்டம். பழைய எலும்பைக் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டுகிற வேலை அங்கே தலைதெறிக்க நடக்கிறது. அவசரத்தில் கட்டிய எலும்பில் சுண்ணச்சத்து சரியாக ஏறுவதில்லை. 2001இல் பாஸ்டனின் டேவிட் ஃபெல்சன் குழுவினர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, முட்டி வலி உள்ளவர்களில் 77.5 சதவீதம் பேருக்கு எலும்புக்குள் மஜ்ஜை வீங்கி நீர் கோத்தது போன்ற இடங்கள் தெரிந்தன. எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தும் வலி இல்லாதவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான் அது இருந்தது. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலிக்கிற இடம் எலும்பாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இது வலு சேர்த்தது.

எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்குகிற மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் எல்லாம் அடங்கிய, பிஸ்பாஸ்பொனேட் என்ற இந்த வகைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. குழாய்களிலும் பாய்லரிலும் உப்புப் படியாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் பாஸ்பேட் ரசாயனங்களின் உறவு முறை அது. சுண்ணாம்பு உப்போடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குணத்தைப் பார்த்து, ஸ்விட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் 1960களின் கடைசியில் அதை எலும்புக்குத் திருப்பினார். 1995இல் அலென்ட்ரோனேட் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது. எலும்பு முறிவைத் தடுப்பதில் இந்த மருந்துகளின் சாதனை உண்மையானது. அதே மருந்து தேய்ந்த முட்டியின் அடியெலும்பில் நடக்கும் தலைதெறிக்கும் வேலையையும் நிதானப்படுத்தாதா? கேள்வி நியாயமானது.

முதல் பரிசோதனை ஆசை காட்டியது. பிரிட்டனில் 284 பேரை வைத்து ஒரு வருடம் ரிசெட்ரோனேட்டைச் சோதித்துப் பார்த்ததில், அதிக டோஸ் சாப்பிட்டவர்களிடம் கொஞ்சம் நன்மையின் சாயல் தெரிந்தது. 2005இல் அது வெளியானது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 2,483 பேரைச் சேர்த்து, இரண்டு வருடம், மருந்து யாருக்கு வெற்று மாத்திரை யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாமல் ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. முடிவு 2006இல் வந்தது. வலி குறைந்தது உண்மை; சுமார் 20 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகுவதும் நிற்கவில்லை. குருத்தெலும்பு சிதைவதைக் காட்டும் ஒரு குறியீடு மட்டும் சிறுநீரில் இறங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரும் படி ஏற முடியாது.

அந்த 20 சதவீதத்தின் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும். முட்டி வலி ஏறி இறங்கும் வலி. பத்து நாள் தாங்க முடியாமல் போனால்தான் யாரும் டாக்டரிடம் போகிறார்கள். உச்சத்தில் போனவருக்கு, எதுவும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் கொஞ்சம் குறைந்திருக்கும். கூடவே ஒருவர் கவனித்துக் கேட்டார், தொட்டுப் பார்த்தார், மருந்து கொடுத்தார் என்ற தெம்பும் சேரும். டிரிப்ஸ் என்றால் தெம்பு இன்னும் அதிகம். ‘எங்க அக்காவுக்கு அந்த ஊசி போட்டதுலேயே சரியாயிடுச்சு’ என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வது பொய் இல்லை. அக்காவுக்குக் குறைந்தது நிஜம். ஊசியால் குறைந்ததா என்பதை அக்கா ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் 2,483 பேர் தேவைப்பட்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் அத்தோடு விடவில்லை. எல்லா முட்டிக்கும் கொடுத்தால் வேலை செய்யாது, மஜ்ஜை வீக்கம் உள்ள முட்டியாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். இது புத்திசாலித்தனமான யோசனை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அப்படிப்பட்ட 59 பேரை வைத்து ஒரே ஒரு சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸைச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் வலியும் குறைந்தது, வீக்கமும் சுருங்கியது. 2012இல் இது வெளியானதும் உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் மத்தியில் பேச்சானது. நம் நாட்டிலும் முட்டிக்கு இந்த டிரிப்ஸ் போடுகிறவர்கள் ஆதாரம் காட்ட வேண்டுமென்றால் இந்த 59 பேரைத்தான் காட்ட முடியும். ஆனால் அதே குழுவினர், அதே யோசனையை, 223 பேரை வைத்து, வருடம் ஒன்றாக இரண்டு டிரிப்ஸ் போட்டு மறுபடியும் சோதித்தார்கள். 2020இல் வந்த விடை: குருத்தெலும்பு தேய்வது குறையவில்லை, வலி குறையவில்லை, மஜ்ஜை வீக்கமும் குறிப்பிடும்படி சுருங்கவில்லை. டிரிப்ஸ் போட்ட சில நாட்களுக்குள் காய்ச்சல், உடம்பு வலி போன்ற தொந்தரவு வந்தது மட்டும் 87 சதவீதம் பேருக்கு. வெறும் சலைன் ஏற்றிக்கொண்டவர்களிலும் 56 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள் என்பது தனி வேடிக்கை. தாங்கள் 2012இல் சொன்னதைத் தாங்களே 2020இல் கவிழ்த்துப் போட்ட அந்தக் குழுவை நான் மதிக்கிறேன். மருந்து வியாபாரம் அவர்களின் முதல் கட்டுரையோடு நின்றுவிடுவதுதான் வருத்தம்.

மற்ற மருந்துகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஒன்றைத் தவிர. கால்சிடோனின் மாத்திரையை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டு பெரும் பரிசோதனைகளில் பார்த்தார்கள். மூட்டு இடைவெளி குறுகுவது நிற்கவில்லை. வைட்டமின் டியை அமெரிக்காவில் 146 பேரிடமும் ஆஸ்திரேலியாவில் 413 பேரிடமும் இரண்டு வருடம் சோதித்தார்கள். 2013லும் 2016லும் வந்த முடிவுகளில் முட்டிக்குப் பலன் இல்லை.

அந்த ஒன்று ஸ்ட்ரான்ஷியம் ரேனலேட். பிரான்ஸின் செர்வியே கம்பெனியின் தயாரிப்பு. 1,683 பேரைச் சேர்த்து மூன்று வருடம் நடந்த பரிசோதனையில் உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களின் மூட்டு இடைவெளி 0.37 மில்லிமீட்டர் குறுகியிருந்தது. தினம் 1 கிராம் மருந்து எடுத்தவர்களுக்கு 0.23 மட்டும். எலும்பு மருந்து ஒன்று தேய்மானத்தின் வேகத்தையே குறைத்துக் காட்டியது என்று 2013இல் கொண்டாட்டம். அதே வருடம் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொரு கணக்கை எடுத்து வைத்தது: இந்த மருந்தால் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. 2014இல் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 2017இல் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. மூன்று வருடத்தில் 0.14 மில்லிமீட்டர் மிச்சம் பிடிப்பதற்கு இதயத்தைப் பணயம் வைக்க எந்த நாட்டு மருத்துவரும் தயாராக இருக்க மாட்டார். அதுவும் முட்டித் தேய்மானக்காரர்களில் பலர் உடல் எடை கூடியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள்.

2018இல் பிஸ்பாஸ்பொனேட் பரிசோதனைகள் ஏழையும் சேர்த்து, மூவாயிரத்துச் சொச்சம் பேரின் விவரங்களைக் கொட்டி அலசினார்கள். வலிக்கும் பலனில்லை, தேய்மானத்துக்கும் பலனில்லை என்று வந்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி, முட்டி, இடுப்பு, கை மூன்றிலும் தேய்மானத்துக்காக பிஸ்பாஸ்பொனேட் கொடுக்கவே கூடாது என்று அழுத்தமாக எழுதிவிட்டது. அதே பட்டியலில், நம் ஊரில் தாராளமாக விற்கும் குளுக்கோசமைனுக்கும் அதே கதிதான்.

கதவு முழுவதும் சாத்தியாகிவிட்டதா? இல்லை. இரண்டு மூன்று சந்துகள் திறந்திருக்கின்றன. மருந்து கொடுத்துச் சோதிக்காமல் பதிவேடுகளை மட்டும் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், எடை கூடாத, தேய்மானம் ஆரம்ப நிலையில் உள்ள பெண்களில் பிஸ்பாஸ்பொனேட் சாப்பிடுபவர்களுக்குத் தேய்மானம் மெதுவாகப் போனதாகத் தெரிந்தது. இத்தாலியில் நெரிட்ரோனேட் என்ற ஊசியைத் திடீரென்று கடுமையாக வலிக்கும் முட்டிகளுக்குப் போட்டு நல்ல பலன் சொல்கிறார்கள். ஆட்கள் எண்ணிக்கை சிறிது. எனக்கு நம்பிக்கை தருவது முட்டியில் இல்லை, விரலில் இருக்கிறது. விரல் கணுக்களை அரித்துத் தின்னும் ஒரு வகைத் தேய்மானம் உண்டு. விரல் கோணி முடிச்சு முடிச்சாகிவிடும். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அப்படிப்பட்ட 100 பேரை வைத்து டெனோசுமாப் ஊசியை, எலும்புப்புரைக்குப் போடுவதுபோல் ஆறு மாதத்துக்கு ஒன்றாக இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போட்டுச் சோதித்தார்கள். அரிப்பு குறைந்ததாக 2024இல் எழுதினார்கள். எலும்பை அரிக்கிற செல்லே அங்கு குற்றவாளி என்பதால் அதை அடக்கும் மருந்து பலித்தது போலிருக்கிறது. ஆனால் 100 பேர்தான். 59 பேருக்கு நடந்ததை இப்போதுதானே பார்த்தோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது தங்கள் எலும்புப்புரை மாத்திரையை நிறுத்தினால் அதுதான் பெரிய தீங்கு. நம் வட்டாரத்தில் எலும்புப்புரை கற்பனை நோய் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்ததில் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. திருப்பதியில் அதற்கு முன்பே, 2005இல், 164 பெண்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 30 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி கடுமையான குறைவு, இன்னொரு 52 சதவீதம் பேருக்குப் போதாமை. வெயிலுக்குப் பேர்போன ஊர்களின் நிலைமை இது. வேலூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் உள்ள அரக்கோணத்துப் பெண்களின் எலும்பு வேறு விதமாக இருக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. முட்டி தேய்ந்தவருக்கு எலும்பு அடர்த்தி கூடுதல் என்பது சராசரிக் கணக்கு. தனியாள் ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். முட்டி வலியால் தடுமாறி நடப்பவர் விழுவதும் அதிகம். ஆகவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்புப்புரை தெரிந்தால் மருந்து சாப்பிட வேண்டியதுதான். அது இடுப்பைக் காப்பாற்றும். முட்டியைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்துச் சாப்பிட்டு, ஆறு மாதத்தில் ‘வலி போகலையே’ என்று நிறுத்தினால்தான் இடுப்பு போகும். டெனோசுமாப் ஊசியை இப்படிப் பாதியில் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கும் ஆபத்தே உண்டு.

டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இரண்டு சோதனைகளை இங்கே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி தரைதட்டிக் கிடக்கும்போது சோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து கை கால் இழுக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே போயிருந்தால், இந்த மருந்தே கூடாது. முட்டி வலிக்காக வருடக்கணக்கில் டைக்ளோஃபெனாக் விழுங்கியவர்களின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் வைட்டமின் டியும் பார்க்காமல் ‘வருஷத்துக்கு ஒரு ஊசி போதும்மா’ என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் தயங்குவது நல்லது. மாத்திரை என்றால் வேறு ஒழுங்கு. விடிகாலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் காப்பி குடிக்காமல், படுக்காமல், நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விடிந்ததும் காப்பி முகத்தில் விழிக்கும் வீடுகளில் இந்த அரைமணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதை மருந்து எழுதுபவர்கள் கேட்பதில்லை. பல வருடம் தொடர்ந்தால் தாடையெலும்பு அழுகுவதும், தொடையெலும்பு நடுவில் முறிவதும் அபூர்வமாக நேரும். எலும்புப்புரைக்காரருக்கு அந்த அபூர்வ ஆபத்தைவிட நன்மை பல மடங்கு. வெறும் முட்டித் தேய்மானக்காரருக்குத் தராசின் மறுதட்டில் வைக்க எதுவும் இல்லை.

சரி, முட்டிக்கு எதுதான் வேலை செய்கிறது? பதில் சப்பென்று இருக்கும். தொடையின் முன்தசையைப் பலப்படுத்துவது, எடை குறைப்பது, வலிக்கும் இடத்தில் மேலே தடவும் வலி மருந்து, கைத்தடி. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று மெசியர் குழுவினர் 2005இல் அளந்தார்கள். 2020இல் அமெரிக்காவில் 156 பேரை வைத்து, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து பிசியோதெரபி பக்கம்தான் வலியும் முடக்கமும் குறைவு.

பிசியோதெரபி என்றதும் மின்சாரம் வைக்கும் பெட்டியும் வெந்நீர் ஒத்தடமும்தான் நினைவுக்கு வரும். வேலை செய்வது அது இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முட்டியை இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். பத்துத் தடவை. பிறகு மற்றக் கால். சில வாரம் போனதும் கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை கட்டிக்கொண்டு அதையே செய்ய வேண்டும். முதல் வாரம் வலி கூடும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கூட ஒருவர் வந்து பார்த்தால் விடமாட்டார்கள். அந்த ஒருவரை அரசாங்கம் ஏற்கெனவே நியமித்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் மாத்திரை தருவதை மட்டுமே அந்தத் திட்டமாக நினைக்கிறார்கள். முட்டி வலிக்காரர்கள் கிராமச் சுகாதார ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் இரண்டாவது பாதி வீட்டுக்கு வரும்.

படிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் வாழ்க்கையே படிகளில்தான் நடக்கிறது. தினமும் சென்னைக்கு லோக்கலில் போய்வருபவருக்கு ஸ்டேஷன் மேம்பாலம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியின் 365 படி. வேண்டுதல் பெரிதாக இருந்தால் சோளிங்கரின் 1,305 படி. முட்டித் தேய்மானக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை; உடம்பின் முழுப் பாரத்தையும் மடங்கிய முட்டியில் தொடைத் தசை தாங்கிப் பிடித்து இறக்க வேண்டும். தசை தளர்ந்திருந்தால் பாரம் மூட்டுக்குப் போகும். திருத்தணியில் மலைமேல் வரை வண்டி போகிறது; சோளிங்கரில் 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. படியில் ஏறி, வண்டியில் இறங்குவது என்று வேண்டிக்கொள்வதில் முருகனுக்கோ நரசிம்மருக்கோ ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். கைத்தடியை வலிக்கிற காலின் பக்கம் பிடிக்காமல் எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். தடி பிடிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்து டிரிப்ஸுக்குப் பணம் கட்டும் வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

இதற்கெல்லாம் அடங்காத முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை வைத்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்ற பொருள் அது.

எலும்பு மருந்து கடைசியில் இங்கேதான் எதிர்பாராத விதமாகத் தலைகாட்டுகிறது. செயற்கை முட்டி எலும்பில் பிடித்து நிற்க வேண்டும். சுற்றியுள்ள எலும்பு கரைந்தால் முட்டி ஆட ஆரம்பிக்கும். மறுபடி அறுவை சிகிச்சை. பிரிட்டனில் முட்டி அல்லது இடுப்பு மாற்றிக்கொண்ட 41,995 பேரின் பதிவுகளைப் புரட்டி 2011இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பிஸ்பாஸ்பொனேட் சாப்பிட்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் மறு அறுவை தேவைப்பட்டது 0.93 சதவீதம் பேருக்கு, சாப்பிடாதவர்களில் 1.96 சதவீதம் பேருக்கு. சொந்த மூட்டுக்கு உதவாத மருந்து செயற்கை மூட்டுக்கு உதவக்கூடும் என்கிறது அந்தக் கணக்கு. ஆனால் இதுவும் பதிவேட்டைப் புரட்டிப் போட்ட கணக்குத்தான். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த பரிசோதனை இல்லை. ரிசெட்ரோனேட்டுக்கு 2006இலும் சோலெட்ரோனிக் ஆசிட்டுக்கு 2020இலும் நடந்தது போன்ற பெரிய சோதனை ஒன்று இதற்கும் நடக்கும் வரை, முட்டி மாற்றிக்கொண்டவருக்கு டெக்ஸாவில் எலும்புப்புரை தெரிந்தால் மட்டும் இந்த மாத்திரையை எழுதுவதுதான் முறை.